ஆவரேஜ் பொத்தான்

மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் முன்னால் உட்கார்ந்ததும் முத்துச்செல்வியின் ஆள்காட்டி விரல் தானாகப் போய் ஒரு பொத்தானை அழுத்தும். ஒரகடத்துக் கம்பெனியின் டெஸ்ட் லைனில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த வேலை அது. திரையில் அலை நடுங்கிக்கொண்டிருந்தால் அளவெடுக்க நேரமாகும். நேரமானால் அடுத்த சர்க்யூட் போர்டு வந்து நிற்கும், அதற்குப் பின்னால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். ஆவரேஜ் பொத்தானை அழுத்தினால் கருவி பல அலைகளைக் கூட்டி வகுத்து ஒரே அலையாகக் காட்டும். பொத்தானில் பச்சை விளக்கு எரியும். நடுக்கம் நின்றுவிடும். அளவைப் படித்து, டிக் போட்டு, போர்டைத் தள்ளிவிடலாம்.

ஐந்து வருடம் அப்படித் தள்ளியிருக்கிறாள். மின்பொறியியல் படித்தவள்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தபோது கிடைத்தது இந்த வேலை, வந்ததை வாங்கிக்கொண்டாள். லைனில் ஒரு போர்டு நல்லது அல்லது கெட்டது. ஏன் கெட்டது என்பது மாடியில் இருப்பவர்களின் விஷயம். போன வருடம் காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனபோது அவர் எழுதிக்கொடுத்த மூன்று மாத்திரைகளை எது எதற்கு என்று கேட்காமலே வாங்கி விழுங்கினாள். அறைக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. முன்பெல்லாம் அவள் கேட்கக்கூடியவள். கேட்கும் பழக்கம் எந்த மாதத்தில் போனது என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மாடியில் டிசைன் பிரிவில் ஒரு இடம் காலியானபோது அவளே போய்க் கேட்டதற்குக் காரணம் அந்தப் பயம்தான். டிசைன் மேனேஜர் பிரவீனா அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். "மூணு மாசம் பாக்கலாம் முத்துச்செல்வி. ஒரு போர்டு குடுக்குறேன். ரிவ்யூல நின்னுதுன்னா இங்க இருங்க. இல்லேன்னா மறுபடி லைன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மனதில் வைக்காமல் எப்படி இருப்பது?

கொடுத்த போர்டு தொழிற்சாலைக்குள் சாமான் இழுக்கும் பேட்டரி வண்டிகளைச் செய்யும் ஒரு கஸ்டமருக்கானது. பேட்டரியின் நாற்பத்தெட்டு வோல்ட்டை விளக்குக்கும் ஹார்னுக்கும் கட்டுப்பாட்டுக்கும் வேண்டிய இருபத்துநான்காகக் குறைக்க வேண்டும். பழைய போர்டு வெளியே வரும் வோல்ட்டை மட்டும் பார்க்கும். குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். ஹார்ன் அடித்து லோடு திடீரென்று ஏறினால் அது சுதாரிப்பதற்குள் விளக்கு ஒருமுறை மங்கிவிடும். புதியதில் காயில் என்ற கம்பிச்சுருளுக்குள் ஓடும் கரண்ட்டையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. கரண்ட் மோடு கண்ட்ரோல்.

முதல் மாதம் முழுக்க அவள் புத்தகத்தில் அதைப் பற்றிய ஒரே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு ஒருநாள் பென்னலூரில் அவள் தங்கியிருந்த அறையின் குழாயடியில் குடம் நிறையக் காத்திருந்தபோது அது எளிதாகிவிட்டது. உள்ளே ஒருத்தி வேலை செய்கிறாள், வெளியே ஒருத்தி கணக்குச் சொல்கிறாள். நொடிக்கு முப்பதாயிரம் முறை மணி அடிக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் உள்ளே இருப்பவள் குழாயைத் திறக்கிறாள். கரண்ட் ஏறுகிறது. குறித்த கோட்டைத் தொட்டதும் மூடிவிடுகிறாள். அடுத்த மணி வரை கரண்ட் இறங்குகிறது. கோடு எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் வெளியே இருப்பவள் நிதானமாகப் பார்த்து ஏற்றி இறக்குகிறாள். அவ்வளவுதான். குடம் வழிந்து காலில் ஊற்றியது. பின்னால் நின்ற பெண் "தண்ணிய மூடும்மா" என்று கத்தினாள்.

போர்டை வரைந்தவன் ஹேமந்த். ஸ்ரீபெரும்புதூர்க்காரன், அவள் வயது, டிசைனில் பெர்மனென்ட். கண்ட்ரோல் பகுதியும் அளவெடுப்பும் அவளுடையது. லேபில் மின்சாரம் தரும் பெட்டியின் திருகில் ஐம்பத்திரண்டு வோல்ட் இருக்குமிடத்தில் யாரோ எப்போதோ நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். நல்ல பேட்டரி சாதாரணமாகக் காட்டும் அளவு அது. எல்லோரும் அந்தப் புள்ளியில் வைத்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள், முடிப்பார்கள். முத்துச்செல்வி அப்படி விடவில்லை. சார்ஜ் தீரும் நேரத்தில் பேட்டரி நாற்பத்திரண்டுக்கு இறங்கும் என்பதால் அதிலும் வைத்துப் பார்த்தாள். வெளியே வரும் வோல்ட் திரையில் கோடு கிழித்த மாதிரி நின்றது. இருபத்துநான்கு. ரிப்போர்ட்டில் பாஸ் என்று எழுதினாள். பொத்தானில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. சொந்த மூக்கை யார் கவனிக்கிறார்கள்.

போர்டை வெள்ளோட்டமாகக் கம்பெனியின் சொந்த வண்டி ஒன்றில் மாட்டினார்கள். அந்த வண்டியை ஓட்டுகிறவள் முப்பிடாதி. தென்காசிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, முத்துச்செல்வியின் அறைத்தோழி.

"எக்கா, ஒங்க வண்டி சாயங்காலமானா கொசு மாதிரி கத்துதுக்கா" என்றாள் முப்பிடாதி, பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே. பரோட்டா முத்துச்செல்வி வாங்கி வந்தது.

"கொசுவாத்தான் இருக்கும்ட்டி."

"சார்ஜ் போட்டா நிக்கிற கொசுவ எங்கயாவது பாத்திருக்கீயளா? காலைல ஒரு சத்தமும் கெடையாது. மூணு மணிக்கு மேல கீ…ன்னு காதுக்குள்ள ஊசிய விட்ட மாதிரி. சூப்பர்வைசர்ட்ட சொன்னா, வண்டில காத வச்சுப் பாத்துட்டு, 'இன்னாம்மா, ஒண்ணியும் காணோம், நீ போய் காது டாக்டரப் பாரு'ன்னுட்டாரு. அந்தாளுக்கு லஞ்ச் பெல்லே கேக்காது."

"நாளைக்கு வந்து பாக்கேன்."

"பாருங்க. நாளைக்கு ஏசுத நாளுல்லா, ஏசிக்கிட்டே பாருங்க."

"என்னட்டி சொல்லுத?"

முப்பிடாதி சால்னாவை வழித்து நக்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "நேத்து குக்கர் கழுவலன்னு அந்த ஏச்சு ஏசினிய. இன்னிக்கு பரோட்டா. முந்தாநாளு பிரியாணி, அதுக்கு முந்துன நாளு லைட்டு அணைக்கலன்னு ஏச்சு. ரெண்டுக்கும் நடுவுல சாதாரணமா ஒரு நாளு கெடைக்காதாக்கா?"

முத்துச்செல்வி சிரித்தாள். சிரித்தது வாய்தான். பாயில் படுத்துச் சுவரைப் பார்த்தபடி அவள் அதை ஒரு கணக்குப் போல எடுத்துப் பார்த்தாள். ஏசிய மறுநாள் காலையில் அவளுக்குக் குற்றவுணர்ச்சி வரும். அன்றைக்கு எவ்வளவு பிரியமாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் குற்றவுணர்ச்சி முடிவுசெய்யும். அதனால் கொஞ்சம் அதிகமாகிவிடும். அதிகமாகிவிட்டதே, இவள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டுகிறாளே என்று அதற்கு மறுநாள் ஒரு எரிச்சல். போகப் போக ஏச்சும் பெரிதாகிறது, பொட்டலமும் பெரிதாகிறது. அம்மா போனில் கேட்கும்போது அவள் "நல்லாத்தான் இருக்கோம்" என்பாள். அது பொய்யில்லை. மொத்தமாகப் பார்த்தால் நல்லாத்தான் இருந்தார்கள்.

மறுநாள் ஷிஃப்ட் முடியும் நேரம் கீழே இறங்கிப் போனாள். முப்பிடாதி வண்டியை நிறுத்தி இருக்கையைத் தூக்கிக் காட்டினாள். முத்துச்செல்வி குனிந்தாள். கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே, மெல்லியதாக, கீ என்று கேட்டது. பேட்டரி அளவு நாற்பத்திரண்டை ஒட்டிக் காட்டியது.

"கேக்குதா? நான் காது டாக்டர்ட்ட போவணுமா?"

"வேண்டாம்" என்றாள் முத்துச்செல்வி. ரிவ்யூ நாளைக்கு.

மாடிக்குப் போய் இன்னொரு போர்டை மாட்டினாள். திருகைச் சிவப்புப் புள்ளியில் வைத்தாள். சத்தமில்லை. நாற்பத்திரண்டுக்கு இறக்கிக் காயிலின் அருகே காதைக் கொண்டுபோனாள். கொசு. ஆசிலோஸ்கோப்பைப் போட்டதும் விரல் போனது, பச்சை விளக்கு எரிந்தது, திரையில் கோடு நேராக நின்றது. ரிப்போர்ட்டில் இருந்த அதே கோடு. காதில் கேட்பது கண்ணில் ஏன் இல்லை? அப்போதுதான் அந்தப் பச்சையைப் பார்த்தாள். தன் விரல் இன்னும் அதன் மேலேயே இருப்பதையும் பார்த்தாள்.

மறுபடி அழுத்தினாள். விளக்கு அணைந்தது, கோடு குலைந்தது. அளவெடுக்கும் முனையை வெளி வோல்ட்டிலிருந்து எடுத்துக் காயிலின் கரண்ட்டைக் காட்டும் இடத்தில் வைத்தாள். திரையில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு பெரியது, ஒரு சின்னது. ஒரு சுற்றில் அள்ளிக் கொடுத்து, அடுத்த சுற்றில் கிள்ளிக் கொடுத்து, மறுபடி அள்ளி. சராசரி மட்டும் எப்போதும் சரி. ஏச்சு, பரோட்டா, ஏச்சு, பரோட்டா. அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

"இன்னா செல்வி, ஸ்கோப்பு ஜோக்கு சொல்லுதா?" என்றான் பக்கத்து மேஜையிலிருந்து ஹேமந்த்.

"இங்க வந்து பாருங்க."

வந்து பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "எத்தினில வச்சிகீற?"

"நாப்பத்திரண்டு."

"அவுட்புட் இன்னா கீது?"

"இருபத்துநாலு."

"அப்புறம் இன்னா? கஸ்டமரு அவுட்புட்டத்தான் பாப்பான். உள்ள எட்டிப் பாத்துகினு இருப்பானா?"

"காயில தொட்டுப் பாருங்க."

தொட்டுவிட்டு விரலை உதறினான். இருக்கையை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தான். குரல் தணிந்தது. "சரி. ஸ்லோப் காம்பென்சேஷன் இல்ல. ஒரு ரெசிஸ்டர் மேட்டரு. வேல்யூ எடுக்க ஃபார்முலா கீது. அடுத்த ரிவிஷன்ல சைலன்டா போட்டுடலாம். நாளிக்கு அந்தப் புள்ளில வச்சுக் காட்டு, மேடம் வேற எங்கியும் வைக்கச் சொல்ல மாட்டாங்க. நீயா போய் மாட்டிக்காத. எனக்கு ஒண்ணும் இல்ல, ரெண்டு நாள் பேஜாரு. உனுக்குத்தான் சீட்டு போயிடும்."

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் பொய்யும் அதிகமில்லை. ரெசிஸ்டரைப் போட்டால் போர்டு சரியாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. அவள் ஃபார்முலாவை எடுத்துப் போட்டாள், மதிப்பு வந்தது, பெட்டியிலிருந்து அந்த ரெசிஸ்டரை எடுத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்தாள். முக்கோணங்கள் ஒரே அளவாயின. கொசு நின்றது.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொய் சொல்லும் ஆளாக இருக்க அவளால் முடியுமா என்று தன்னையே பார்த்தாள். முடியும் என்றுதான் தெரிந்தது. நாளை புள்ளியில் வைத்துக் காட்டும்போது கை நடுங்காது. இதை அறிந்தது அவளுக்கு அதிர்ச்சியாகக்கூட இல்லை. இடைஞ்சல் வேறிடத்தில் இருந்தது. குழாய் திறந்திருக்கும் நேரம் சுற்றில் பாதியைத் தாண்டினால் இது வரும் என்று அந்த அத்தியாயத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்திருக்கிறாள். ஏன் பாதி? ஏன் மூன்றில் ஒன்று இல்லை? கேட்காமலே தாண்டிப் போயிருக்கிறாள், அந்த மூன்று மாத்திரைகளைப் போல. இப்போது கேட்க வேண்டுமானால் எப்படி இது அவள் கண்ணில் பட்டது என்று சொல்ல வேண்டும். தவறை மறைத்தால் கேள்வியையும் சேர்த்து விழுங்க வேண்டும். அப்படி விழுங்கிவிட்டு மாடியில் உட்கார்ந்திருப்பதற்கும் கீழே உட்கார்ந்திருப்பதற்கும் என்ன வித்தியாசம்? மாடியில் ஏசி இருக்கும்.

காலையில் ரிவ்யூவுக்கு முன்பே பிரவீனாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்த போர்டு நாப்பத்திரண்டு வோல்ட்ல ஒழுங்கா இல்ல. கரண்ட் ஒண்ணு விட்டு ஒண்ணு பெருசா வருது."

பிரவீனா மொபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரிப்போர்ட்ல பாஸ்னு இருக்கே."

"ஆவரேஜ் போட்டுப் பாத்துட்டேன் மேடம்."

இப்போது நிமிர்ந்தார். "ஆவரேஜா? ஏன்?"

"லைன்ல அப்படித்தான் பாப்போம். கை தானா போயிடுச்சு."

திட்டு வரும் என்று காத்திருந்தாள். பிரவீனா மொபைலை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "இருங்க. அப்போ லைன்ல வர்ற எல்லா போர்டையும் இப்படித்தான் பாக்குறாங்களா?"

முத்துச்செல்வி இதை யோசிக்கவே இல்லை. ஐந்து வருடம் அவள் தள்ளிவிட்ட போர்டுகள், இப்போது அந்த இருக்கையில் இருக்கிறவள் தள்ளிக்கொண்டிருக்கும் போர்டுகள். "ஆமா மேடம்" என்றாள். தன் தவறு தன்னளவில் இருக்கும் என்று நினைத்ததில்கூடக் கொஞ்சம் கர்வம் இருந்திருக்கிறது.

"சரி, அது அப்புறம். பாதிக்கு மேல போனா மட்டும் ஏன் இப்படி ஆகுது? சொல்லுங்க."

"தெரியல மேடம். ரெசிஸ்டர் போட்டா நிக்குது. ஏன்னு தெரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

பிரவீனா சிரித்துவிட்டார். "நல்ல ஆளக் கேட்டீங்க. நானும் இத்தன வருஷமா ஃபார்முலால போட்டு ரெசிஸ்டரத்தான் எடுத்துட்டு இருக்கேன். வாயால சொல்லுன்னா எனக்கும் வராது. வாங்க, வரைஞ்சு பாக்கலாம். ஹேமந்த்! நீங்களும் வாங்க."

ஹேமந்த் வந்து கதவருகே நின்று முத்துச்செல்வியைப் பார்த்த பார்வையில், சொன்னேனே கேட்டியா என்று இருந்தது.

அவள் வெள்ளைப் பலகையில் மேலே ஒரு கோடு போட்டாள். மணி அடிக்கும் இடங்களைக் குறித்தாள். பேட்டரி நிறைந்திருக்கிறது, ஐம்பத்துநான்கு. அதில் இருபத்துநான்கு போக முப்பது. கரண்ட் முப்பதின் வேகத்தில் ஏறுகிறது, இருபத்துநான்கின் வேகத்தில் இறங்குகிறது. வரைந்தாள். பிறகு, ஏதோ காரணத்தால் ஒரு சுற்று பிழையாகக் கொஞ்சம் மேலேயிருந்து தொடங்குகிறது என்று வைத்து, வேறு நிறத்தில் வரைந்தாள். மேலேயிருந்து தொடங்கினால் கோட்டைச் சீக்கிரம் தொடும். சீக்கிரம் தொட்டால் சீக்கிரம் மூடும். சீக்கிரம் மூடினால் இறங்க அதிக நேரம் கிடைக்கும். அடுத்த மணிக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கும்.

"கொஞ்சம்னா எவ்ளோ?" என்றான் ஹேமந்த், கதவை விட்டு ஓரடி உள்ளே வந்து.

"முப்பது பிழை இருந்தா இருபத்துநாலாக் குறையும். அடுத்த சுத்துல இன்னும் குறையும். தானா அடங்கிடும்."

"நாப்பத்திரண்டுல?" என்றார் பிரவீனா.

அவள் பக்கத்தில் இன்னொரு படம் போட்டாள். நாற்பத்திரண்டில் இருபத்துநான்கு போகப் பதினெட்டு. ஏற்றம் சோம்பலாக இருக்கிறது, இறக்கம் அதே வேகம். சுற்றில் பாதிக்கு மேல் ஏறுவதிலேயே போய்விடுகிறது. வேறு நிறத்தில் பிழையைப் போட்டாள். பதினெட்டு இருந்த பிழை மறுபக்கம் இருபத்துநான்காக நின்றது. அடுத்ததை வரைய மார்க்கர் முனை கோட்டை விட்டு வெளியே போனது. அவள் கை நின்றது.

"ஏற்றமும் இறக்கமும் சமமா இருக்கிற இடம் நாப்பத்தெட்டு" என்றாள், மெதுவாக. "அங்கதான் பாதி. இறங்குற வேகம் ஏறுற வேகத்தைத் தாண்டினா, திருத்துறதே தப்பைவிடப் பெருசாயிடுது."

ஹேமந்த் மார்க்கரை வாங்கி, தட்டையாக இருந்த மேல்கோட்டைச் சாய்த்துப் போட்டான். "இந்த ரெசிஸ்டரு பண்ற வேல இதானா? நேரமாவ ஆவ கோட்டையே எறக்கிக்கினே போவுது. லேட்டா வர்றவனுக்குக் கம்மி. பிழை சுருங்கிடுது." பிறகு, "அடப்பாவி, எத்தினி வாட்டி போட்டுகீறேன் இத" என்று தலையைச் சொறிந்தான்.

"ரிவ்யூ இன்னிக்கு கிடையாது" என்றார் பிரவீனா. ஹேமந்த் "மேடம்" என்று இழுத்தான். "கஸ்டமர்கிட்ட நான் பேசுறேன், வாங்க வேண்டிய திட்ட வாங்கிக்கிறேன். நீங்க போர்ட மாத்துங்க. முத்துச்செல்வி, திங்கட்கிழமை நீங்க லைனுக்குப் போங்க."

அவள் பலகை துடைக்கும் துணியை எடுத்தாள். தெரிந்துதானே வந்தோம் என்று சொல்லிக்கொண்டாள். "சரி மேடம்."

"எந்தெந்த டெஸ்ட்டுக்கு ஆவரேஜ் போடலாம், எதுக்குக் கூடாதுன்னு பிரிச்சு மாத்திக் குடுத்துட்டு வாங்க. ஏன்னு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். ஒரு வாரம் ஆகுமா?"

"குடுத்துட்டு… வரணுமா மேடம்?"

"வராம? உங்க டேபிள்ல யார உக்கார வைக்கிறது?" பிரவீனா மொபைலை எடுத்துக்கொண்டார். "அந்தப் படத்த அழிச்சிடாதீங்க. நான் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிறேன்."

திங்கட்கிழமை லைனில் அவளைப் பார்த்ததும் "இன்னாக்கா, ரிட்டர்னா?" என்று சிரித்தார்கள். "வேலையா வந்தேன்" என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. அவளுடைய பழைய இருக்கையில் இருந்த ஐஸ்வர்யாவுக்குப் பொத்தானை அணைத்துக் காட்டினாள். "அய்யோ, நடுங்குதேக்கா, இத்த எப்புடிப் படிக்கிறது?" என்றாள் ஐஸ்வர்யா. இரண்டு போர்டு வந்து சேர்ந்தது, மூன்றாவதும் வந்தது. சூப்பர்வைசர் வந்து நின்றார். அவருக்கு ஏற்றத்தையும் இறக்கத்தையும் விரலால் காற்றில் வரைந்து காட்ட முத்துச்செல்விக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவர் கடைசியில் "டார்கெட்ட யாரு கொறைப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதான். மேலே போய்க் கேட்கிறேன் என்றாள்.

அவர் போன பிறகு அடுத்த போர்டுக்கு அவள் விரல் போய்ப் பொத்தானின் மேல் நின்றது. பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் முப்பிடாதி, ஹேமந்த் போர்டை மாற்றிக் கொடுத்த வண்டியை அவளருகே கொண்டுவந்து நிறுத்தி, "எக்கா, கொசு செத்துப்போச்சு!" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

அறைக்குப் போனால் குக்கர் அடிப்பிடித்தபடி கிடந்தது. முத்துச்செல்வி அதையும் பார்த்தாள், தனக்குள் ஏறத் தொடங்கியதையும் பார்த்தாள்.

"ஏட்டி, குக்கர் கெடக்கு. கழுவிரு."

முப்பிடாதி கொடியில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பி அவள் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்குப் பரோட்டா?"

"கெடையாது."

முப்பிடாதி கொடியிலிருந்த துண்டை இழுத்து நேராக்கினாள். பிறகு குக்கரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.